சாய்ந்த எழுத்து யாருடையது?

ஆங்கில நூல்களில் ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டுமானால், அதைச் சாய்வெழுத்தில் அச்சிடுகிறார்கள். அதற்கு 'இட்டாலிக்' என்று பெயர். இத்தாலியில் பிறந்ததனால் வந்த பெயர். பிறந்த நாட்டின் பெயர் நிலைத்துவிட்டது. செய்தவன் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்?

வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்றொரு பதிப்பாளர் இருந்தார். 1501-ஆம் ஆண்டில் அவர் வர்ஜில் என்ற ரோமானியக் கவியின் பாடல்களைக் கையடக்கமான சிறு புத்தகமாக வெளியிட்டார். தலைப்பெழுத்துகள் மட்டும் நிமிர்ந்து நின்றன. மற்றவை எல்லாம் சாய்வெழுத்து. அழுத்தம் கொடுப்பதற்காக அல்ல. கற்றவர்கள் விரைந்து எழுதும் கையெழுத்தே அச்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிப்போ என்ற தொழிலாளி. எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தை இடம்வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்கி, அதில் ஈயக் கலவையை வார்க்க வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் இந்தப் பாடு.

ஆல்டஸ் நன்றி கெட்டவரல்லர். அந்தப் புத்தகத்திலேயே மூன்று வரிகளில் கிரிப்போவின் கைத்திறனைப் புகழ்ந்தார். ஆனால் 1502-இல், அந்த எழுத்தைப் பிறர் எடுத்தாளக் கூடாதென்று வெனிஸ் அரசிடம் தனியுரிமை வாங்கியபோது, அதைத் தம் பெயருக்கே வாங்கிக்கொண்டார். பணம் போட்டவர் அவர். நஷ்டம் வந்தாலும் அவருக்குத்தான். அவர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. என்றாலும், வெட்டிய கைக்கே வெனிஸில் தன் எழுத்தின்மேல் உரிமை இல்லாமல் போயிற்று. கிரிப்போ வெனிஸை விட்டுப் போனார். 1503-இல் சோன்சினோ என்ற அச்சகத்தாருக்கு வேறொரு சாய்வெழுத்து வெட்டிக் கொடுத்தார். எழுத்தைக் கண்டவர் கிரிப்போவே, ஆல்டஸ் அல்லர் என்று சோன்சினோ அச்சிலேயே எழுதிவைத்தார்.

தனியுரிமையாவது ஆல்டஸைக் காத்ததா? பிரான்சில் லியோன் நகரத்து அச்சகத்தார் அவர் புத்தகங்களை அப்படியே போலி செய்தார்கள். 1503-இல் ஆல்டஸ் ஓர் எச்சரிக்கை வெளியிட்டு, போலிகளில் உள்ள பிழைகளையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டினார். லியோன்காரர்கள் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே பிழைகளைத் திருத்திக்கொண்டார்கள்!

யார் திருடர்? கிரிப்போவின் சாய்வும் ஒருவகையில் இரவல்தான். அவருக்கு முன்பே பிளாரன்ஸில் நிக்கோலோ நிக்கோலி போன்றவர்களின் பேனா அப்படித்தான் சாய்ந்து ஓடியது. கடன் வாங்காமல் எந்தக் கலையும் வளர்வதில்லை. கடன் வாங்குவது குற்றமன்று. வாங்கிவிட்டு, நமக்குப் பின்னால் வருகிறவன் முகத்தில் கதவைச் சாத்துகிறோமே, அதுதான் குற்றம். புகழ்ந்துவிட்டால் பங்கு கொடுத்தாகிவிட்டது என்று நினைப்பது அதைவிட நுட்பமான குற்றம். புகழ்ச்சிக்குக் காசு செலவில்லை.

ஆல்டஸைக் குறை சொல்லிக்கொண்டே போகிறேன். என் முதல் நாவலுக்கு அச்சுக் கோத்தவர் ஒருவர் இருந்தார். நான் விட்ட பிழைகள் சிலவற்றை அவரே திருத்தியிருந்தார். அவரிடம் 'நல்ல வேலை' என்று ஒரு வார்த்தை சொன்னேன். பெயரைக் கேட்கவில்லை.