கக்கூசை யார் கழுவுவது?

ஆசிரியர் சங்கம் என்றாலே சம்பளத்துக்குக் கொடி பிடிக்கிற கூட்டம் என்கிறார்கள். டீக்கடைப் பேச்சும் அதுதான், படித்தவர்கள் பேச்சும் அதுதான். நான் தொடக்கப்பள்ளி வாத்தியார். சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவன். சேரியிலிருந்து வந்தவன். இந்த மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் எனக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது.

சங்கம் செய்ததை முதலில் சொல்லிவிடணும். ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981இல் அரசு ஊழியர் ஆனார்கள். அது சும்மா வந்ததில்லை. உள்ளூர்ப் பெரிய மனுசன் தயவில் பிழைக்க வேண்டிய நிலைமை குறைந்ததில் யாருக்கு அதிக லாபம்? சேரியிலிருந்து வாத்தியாரானவர்களுக்குத்தான். மாசம் பிறந்தால் சம்பளம் என்பது நமக்கு வெறும் காசு இல்லை, ஊருக்குள் துண்டைத் தோளில் போட்டு நடக்கிற தைரியம்.

2003 ஜூலையில், ஓய்வூதியச் சலுகைகளைப் பறித்ததை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. டெஸ்மா சட்டத்தைக் காட்டி சுமார் 1,70,000 அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பியது. ஆகஸ்ட் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்ட உரிமையும் இல்லை, தார்மீக நியாயமும் இல்லை என்றது. மன்னிப்பு எழுதிக் கொடுத்துத்தான் பலர் வேலைக்குத் திரும்பினார்கள்.

தார்மீகம் பற்றி நமக்குச் சொல்லித் தந்தவர் வேறு ஆள். வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்குவது தொழிலாளியை அடிமையாக்குவதுதான் என்று 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அம்பேத்கர் வாதாடினார். அந்த வருசம் நவம்பர் 7இல் தொழிலாளர்களோடு தெருவிலும் நின்றார். போராடும் உரிமையில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அதே அம்பேத்கர், 1928 பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்தின்போது தலைவர்களிடம் இன்னொன்றும் கேட்டார். நெசவுப் பிரிவில் அறுந்த நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும். எச்சில் தீட்டு என்று சாதி இந்துத் தொழிலாளிகள் தீண்டப்படாதவர்களை அங்கே விடவில்லை. உங்கள் கோரிக்கைப் பட்டியலில் இது எங்கே என்று கேட்டார். அந்தக் கேள்வியை நம் சங்கத்திடமும் கேட்கலாம்.

பல தொடக்கப்பள்ளிகளில் நிரந்தரத் துப்புரவுப் பணியாளர் கிடையாது. ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு, கட்டுக்கட்டாய்ப் பதிவேடு. கக்கூசு நாறிக் கிடக்கும். பெண் ஆசிரியைகள் சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்காமல் அடக்கிக் கிடக்கிறார்கள். இது நிஜமான கஷ்டம். இதை எப்படித் தீர்க்கிறார்கள்? ஒரு விரல் நீளுகிறது. 'ஏய், நீ வா, வாளியை எடு.' அந்த விரலுக்குக் கண் உண்டு. எந்தத் தெருப் பிள்ளை என்று அதுக்குத் தெரியும். 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை பக்கத்து ஒன்றியப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைதானார்.

கெட்ட மனுசி ஒருத்தி என்று கோப்பை மூடிவிடலாம். ஆனால் வேலை இருக்கிறது, ஆளும் இல்லை, கூலியும் இல்லை. அரசாங்கம் விட்ட ஓட்டையைச் சாதி வந்து அடைக்கிறது. அரசுக்குக் காசு மிச்சம், டீச்சருக்கு நாற்றம் மிச்சம். செலவு முழுக்கப் பிள்ளை தலையில்.

என் கஷ்டத்தைக் கீழே இருக்கிறவன் தலையில் இறக்கி வைத்துவிட்டு நான் நிம்மதியாய் இருந்தால், அதை உரிமை என்று எப்படிச் சொல்வது? அது சாதி தந்த பங்கு. ஆகவே பள்ளிக்கு ஒரு நிரந்தரத் துப்புரவுப் பணியிடம், முழுச் சம்பளம், கையுறை, குழாய்த் தண்ணீர் என்பது சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே இருக்கணும். அதோடு நின்றால் அந்த வேடமும் அருந்ததியர் தலையில்தான் விழும். எல்லாச் சாதிக்காரரையும் வைத்து நிரப்பணும். சம்பளம் ஒருத்தர் வாங்கி, விளக்குமாற்றை இன்னொருத்தர் கையில் திணிக்கிற வேலையையும் சங்கமே தடுக்கணும். பிள்ளையைக் கழுவ வைத்த உறுப்பினருக்கு வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, சங்கத்தின் கோஷம் கிடையாது.

'சங்கத்துக்குள்ளே சாதியைக் கொண்டாராதீங்க தோழர்' என்பார்கள். நாம் கொண்டுவரவில்லை. அது எப்போதோ உள்ளே வந்து, கையில் வாளியோடு நம் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.