வாழைக்குப் போர்வை

இங்கிலாந்தில் சிலர் வீட்டுத் தோட்டத்தில் வாழை வளர்க்கிறார்கள். 'மூசா பாஸ்ஜூ' என்கிற ரகம். பூர்வீகம் சீனா. உறைபனி தொடங்கியதும் இலைகளை நறுக்கிவிட்டு, தண்டைச் சுற்றிக் கம்பிவலை கட்டி, உள்ளே வைக்கோலைத் திணித்து மூடிவிடுவார்கள். வசந்தத்தில் பிரிப்பார்கள். வருஷா வருஷம் இதே வேலை. பழம்? வாயில் வைக்க முடியாது!

பி.காம். படித்த புத்தி கணக்குப் போடுகிறது. போர்த்தாவிட்டால்தான் என்ன? தண்டு செத்தாலும் மண்ணுக்குள் கிழங்கு பிழைத்துக்கொண்டால் மறுபடி துளிர்க்கும். வாழையடி வாழை! ஆக, போர்வை பெரும்பாலும் உயரமான வாழையைப் பார்க்க ஆசைப்படும் மனுஷனுக்குத்தான்.

அப்ப இது அன்பா, சுயநலமா? போர்த்தும்போது தெரியாது, பிரிக்கும்போது தெரியும். வெயில் வந்த பிறகும் மூடியே வைத்தால் உள்ளேயே அழுகிப்போகும். பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறோமே... நாம் எப்போது பிரிக்கப் போகிறோம்?