கொசுவும் கொல்லாமையும்

கொசுவைக் கொல்லாது மணத்தால் விரட்டினால் அறத்திற்கு இழுக்கு உண்டா என இளைய தலைமுறையினர் நம்மை வினவுவதுண்டு. சிறிதாகத் தோன்றும் இவ்வினா, ஆராயுங்கால் பெரிதாகிறது.

கொசுவை நான்கறிவுயிர் என நம் ஆகமங்கள் வகுத்துள்ளன. மூக்கறிவும் அதற்குண்டு. நம் மூச்சிலுள்ள கரியமில வாயுவையும் வியர்வை மணத்தையும் உணர்ந்தே பெண்கொசு நம்மை நாடுகிறது. முட்டை வளர அதற்குக் குருதி வேண்டும். பகைமையால் அது கடிப்பதில்லை. சிட்ரோனெல்லாப் புல்லின் எண்ணெயும் எலுமிச்சை மண யூகலிப்டஸ் எண்ணெயும் அத்தேடலைக் குழப்புகின்றன. உயிர் போவதில்லை; கொசு விலகிச் செல்கிறது. கொசுவர்த்திச் சுருளோ கொல்லவும் வல்லது.

கொசுக்கடியைப் பொறுத்தல் துறவியர்க்குரிய 22 பரீஷகங்களுள் ஒன்று. சாவகர்க்கு அக்கடமை இல்லை. தாம் பொறுக்கத் துணிந்தவரும், தொட்டிலிற் கிடக்கும் மழலையைப் பொறுக்கச் சொல்லலாகாது. டெங்குக் காய்ச்சல் உயிரையே பறிக்க வல்லது. ஆகவே காத்தலும் அறமே. மூன்று வயதுக்குட்பட்டோர்க்கு யூகலிப்டஸ் வகை எண்ணெய் ஆகாது, கொசுவலையே தக்கது.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. எண்ணெய் பூசிய நம்மை விட்டகன்ற கொசு, பூசாத அடுத்த வீட்டாரை நாடுமன்றோ? நம் துன்பத்தைப் பிறர்மேல் தள்ளிவிட்டு அதனை அகிம்சை எனல் தகுமா? தகாது. மேலும், சிட்ரோனெல்லா மணம் நெடுநேரம் நில்லாது. மணம் நம்மைச் சிறிது பொழுது காக்கும். நம் கடமையை முடித்து வைக்காது.

டெங்குவைப் பரப்பும் கொசு, மூடாத தொட்டியிலும் பூச்சட்டித் தட்டிலும் தேங்கிய நீரில் பெருகுகிறது. முட்டை சிறகு பெற ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களே போதும். முன்னரே தொட்டியை மூடித் துணி கட்டிவிட்டால் முட்டையிட இடமில்லை. பிறவாத உயிரைக் கொல்லும் வினையும் எவருக்கும் இல்லை. புழுக்கள் நெளியத் தொடங்கிய பின்னரோ, நீரைக் கொட்டினாலும் மருந்து தெளித்தாலும் கொலையே நேரும். வாளாவிருந்தால் நோய் பரவும். அந்நிலையில் தீங்கற்ற வழி ஒன்றும் எஞ்சுவதில்லை.

இம்சையை வரையறுக்குமிடத்து உமாசுவாமிகள் சோர்வையே காரணமாக முன்வைத்தார். கொசுவை அடிக்கும் கையை மட்டுமே நாம் கவனிக்கிறோம். தொட்டியை மூட மறந்த கையைக் கவனிப்பதில்லை. நாளைய கொலை இன்றைய சோர்விலேயே தொடங்குகிறது.

எண்ணெய் பூசுவோம், வலை கட்டுவோம். அவற்றிற்கு முன், நம் வீட்டுத் தொட்டியையும், முதுமையால் இயலாத அண்டை வீட்டாரின் தொட்டியையும் மூடி வருவோம். அதுவே கொசுவுக்கும் மனிதர்க்கும் ஒருங்கே செய்யும் அருளறம்.