கைதட்டினால் அரிசி கிடைக்குமா?

போன வருஷம் என் தங்கை மகள் கல்யாண ரிசப்ஷன். எங்கள் தெருப் பையன் ஒருவன் மிமிக்ரி செய்வான். 'ஒரு இருபது நிமிஷம் கலக்கிடு தம்பி' என்று கூப்பிட்டிருந்தேன். மண்டபம் ஊர்க்கோடியில். பாவம், இரண்டு பஸ் மாறி வந்தான். வந்தவன் மண்டபத்தையே குலுக்கிவிட்டான். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ராத்திரி கணக்கு முடித்தோம். சமையல்காரர், வீடியோக்காரர், பூ அலங்காரம், ஐஸ்கிரீம்காரர்... எல்லோருக்கும் எண்ணிக் கொடுத்தாயிற்று. அவன் மட்டும் தாம்பூலப் பையோடு வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

'சாப்பிட்டியா தம்பி?'

'ஆச்சு சார்.'

'பெரிய பெரிய ஆளுங்கல்லாம் பார்த்திருக்காங்க. இனிமே சான்ஸ் குவியும் பாரு!'

சிரித்தான். 'கடைசி பஸ் போயிடும் சார்' என்று கிளம்பிவிட்டான்.

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி கேட்டாள். 'ஏங்க, அந்தப் பையனுக்கு என்ன கொடுத்தீங்க?'

'நல்ல அறிமுகம் கொடுத்தேனே!'

'அதைக் கொண்டுபோனா கடைக்காரர் அவங்க அம்மாவுக்கு அரிசி போடுவாரா?'

எனக்குப் பதில் வரவில்லை. உங்களுக்கு வருகிறதா?

இதே கேள்வியைக் கேட்டு, தெருவில் இறங்கியே போராடியிருக்கிறார்கள், தெரியுமா? நடந்தது 1979-ல். ஊர், லாஸ் ஏஞ்சலீஸ். போராடியவர்கள், ஊரைச் சிரிக்கவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள்.

ஸ்டாண்ட்-அப் காமெடி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு மைக், ஒரு ஆள். வேஷம் கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. அமெரிக்காவில் அன்று அந்தக் கலைஞர்களுக்கு ஒரே கனவுதான்... ஜானி கார்ஸனின் டெலிவிஷன் நிகழ்ச்சியில் ஒருமுறை தலைகாட்டுவது. 1972-ல் அந்த நிகழ்ச்சி நியூயார்க்கை விட்டு லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் குடிபெயர்ந்தது. அதே வருஷம் அங்கே சன்செட் பூல்வார்டில் 'காமெடி ஸ்டோர்' என்றொரு கிளப்பும் திறந்தது. ஆரம்பித்தவர்களில் ஒருவர் ஸாமி ஷோர் என்ற காமெடியன். விவாகரத்துக்குப் பின் அது அவர் மனைவி மிட்ஸி ஷோரின் கைக்கு வந்தது.

டெலிவிஷன்காரர்கள் அங்கே வந்து ஆள் தேடுவார்கள். அதனால் நாடெங்கிலும் இருந்து இளைஞர்கள் படையெடுத்தார்கள். மேடை கிடைத்தது. கைதட்டல் கிடைத்தது. காசு? ஒரு சென்ட்கூடக் கிடையாது!

மிட்ஸியை வில்லியாக நினைத்துவிடாதீர்கள். நல்ல கலைஞனை மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரர். பெண் காமெடியன்களை யாரும் மதிக்காத நாளில், 1978-லேயே அவர்களுக்கென்று தனியாக ஒரு சிறு அரங்கத்தைத் திறந்தவர். அவர் வாதம் இதுதான்: 'இது கல்லூரி மாதிரி. இங்கே நீங்கள் கற்றுக்கொள்கிறீர்கள். கற்றுக்கொள்பவனுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா?'

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், டிக்கெட் வாங்கித்தான் ஜனங்கள் உள்ளே வந்தார்கள். பானம் பரிமாறிய பெண்ணுக்குச் சம்பளம் உண்டு. கார் நிறுத்திய பையனுக்குச் சம்பளம் உண்டு. யாருக்காக ஜனங்கள் வந்தார்களோ, அவனுக்குத்தான் இல்லை!

நம்ம ஊர் டெய்லர் கடையில் காஜா எடுக்கும் பையனைப் பாருங்கள். அவனும் தொழில் கற்றுக்கொள்பவன்தான். அவனுக்கும் சனிக்கிழமை கையில் ஏதாவது விழுகிறதே! ஏனென்றால், அவன் எடுத்த காஜா வாடிக்கையாளர் சட்டையில் இருக்கிறது.

1979 மார்ச் கடைசியில் காமெடியன்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். பின்னாளில் அமெரிக்க டெலிவிஷனில் கொடிகட்டிப் பறந்த டேவிட் லெட்டர்மேனும் ஜே லெனோவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். முன்னால் நின்று பேசியவர் டாம் ட்ரீஸன். கார்ஸன் நிகழ்ச்சியில் ஏற்கெனவே தோன்றி, நன்றாகச் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டவர். அவருக்கு அந்தக் காசு தேவையே இல்லை. தேவைப்பட்டவர்களுக்காக நின்றார்.

எல்லோரும் சேர்ந்துவிடவில்லை. 'இத்தனை நாள் மேடை கொடுத்த புண்ணியவதியை எதிர்த்து நிற்பதா?' என்று தயங்கி உள்ளே போனவர்களும் உண்டு. அவர்களையும் சட்டென்று குறை சொல்லிவிட முடியாது. செய்ந்நன்றி மறப்பது நமக்கும் பெரிய பாவம்தானே?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. நன்றி வேறு, கூலி வேறு. நன்றி என்பது வாங்கியவன் மனசாரத் திருப்பித் தருவது. அதைக் கேட்டு வாங்க முடியாது. கூலி என்பது வேலை வாங்கியவன் கொடுத்தே ஆகவேண்டியது. அதை நன்றிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. 'உன்னை வளர்த்துவிட்டேனே' என்று சொல்லிக் கூலியைப் பிடித்துக்கொள்வது, செய்த உதவிக்கு வட்டி வசூலிக்கிற வேலை.

மே மாதத் தொடக்கத்தில் உடன்பாடு வந்தது. ஒருமுறை மேடையேறினால் 25 டாலர். பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த 25 டாலரில் 'நீ வேலைக்காரன். வெறும் ஆசைக்காரன் இல்லை' என்கிற ஒப்புதல் இருந்தது.

கதை அத்தோடு சுபமாக முடியவில்லை. போராடியவர்களுக்கு மேடை குறைந்துபோனது என்று குமுறல் எழுந்தது. அப்படிக் குமுறியவர்களில் ஒருவர் ஸ்டீவ் லுபெட்கின். 1979 ஜூன் 1-ம் தேதி அந்த இளைஞர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு சாவுக்கு இதுதான் காரணம் என்று ஒற்றை விரலை நீட்டிவிட முடியாது. அது தீர்வும் இல்லை. அவர் போனதால் நண்பர்களுக்கு மிஞ்சியது ஆறாத துக்கம் மட்டும்தான். ஆனால், எழுதிவைத்துப் போன சீட்டில் அவர் தன்னை அந்த கிளப்பில் வேலை பார்த்தவன் என்று சொல்லியிருந்தார். வேலை! அவர் கேட்டதெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத்தான்.

மிட்ஸி 2018-ல் காலமானார். கூலி கொடுத்ததால் கடை திவாலாகிவிடவில்லை. காமெடி ஸ்டோர் இன்றைக்கும் அதே தெருவில் நடக்கிறது.

சரி, எங்கே பயிற்சி முடிகிறது, எங்கே வேலை தொடங்குகிறது? எனக்குத் தெரிந்த அளவுகோல் சுலபமானது. யாரும் டிக்கெட் வாங்காத இடத்தில், நாலு பேர் முன்னால் உளறிப் பழகினால், அது பயிற்சி. கூலி கேட்கக் கூடாது. உங்கள் பேச்சால் யாரோ ஒருவர் கல்லாவில் காசு விழுந்தால், அல்லது யாரோ ஒருவர் வீட்டு விசேஷம் களைகட்டினால், அது வேலை. அமெரிக்காவில் இன்னும் சில இடங்களில், புதியவன் மேடையேற வேண்டுமானால் டிக்கெட் வாங்கும் நண்பர்களையும் அவனே கூட்டிக்கொண்டு வரவேண்டும். என் அளவுகோலில் போட்டுப் பாருங்கள், அது பயிற்சியா, வியாபாரமா என்று தெரிந்துவிடும்.

கோலம் போடத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண், போட்டோ எடுக்கும் அக்கா மகன், பாட்டுப் பாடும் ஆபீஸ் நண்பர்... 'நம்ம பிள்ளைதானே' என்று எத்தனை பேரிடம் வேலை வாங்கியிருப்போம்? அன்பால் அவர்களாகவே கொடுத்தால் அது பரிசு. கேட்க வெட்கப்படுகிறார்கள் என்பதால் நமக்கு மிச்சமானால், அது கடன்.

என் கடனுக்கு வருகிறேன். நாலு நாள் மனசு கேட்கவில்லை. ஐஸ்கிரீம்காரருக்குக் கொடுத்த தொகையையே ஒரு கவரில் போட்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

'எதுக்கு சார் இது?'

'அன்னிக்கு நீ வேலை பார்த்தியே தம்பி, அதுக்கு.'

வாங்கிக்கொண்டான். இந்தத் தடவை 'தேங்க்ஸ் சார்' என்றான். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவன் நன்றி சொல்லவேண்டிய விஷயமே இல்லையே அது!