உதவிப் பணமா, உழைப்பின் ஊதியமா?

மாதந்தோறும் சமூக நல இலாகாவின் உதவிப் பணம் பெற்று வாழும் ஒருவர்க்கு ஊதியத்தோடு கூடிய வேலை ஒன்று கிடைக்குமாயின், அவர் உதவியை விட்டு வேலையை ஏற்க வேண்டுமா? கேட்ட மாத்திரத்தில் விடை எளிதெனத் தோன்றும். "கையும் காலும் உள்ளவரை உழைத்துண்பதே மானம்" என்பர் ஒரு சாரார். "கைக்கு வருவதை விட்டுக் காற்றைப் பிடிக்கப் போவானேன்?" என்பர் மற்றொரு சாரார். முன்னவர் மானத்தைப் பேசுகின்றனர். பின்னவர் வயிற்றைப் பேசுகின்றனர். இரு சாராரும் கேட்க மறந்த கேள்விகள் சில உள. அவற்றைக் கேட்டுப் பார்த்த பின்னரே முடிவு கூறுதல் நேர்மையாகும்.

இக்கேள்வியைக் கேமரன் மலையில் வைத்துக் காண்போம். 1885-இல் வில்லியம் கேமரன் என்பார் நில அளவைக்குச் சென்றமையால் அம்மலை அப்பெயர் பெற்றது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடு திருத்தி, சரிவுகளில் செடி நட்டு, குளிரிலும் மழையிலும் கூடை சுமந்து கொழுந்தெடுத்தவருள் நம்மவர் பலர். இன்று கொழுந்தெடுப்போருள் வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் மிகுந்துள்ளனர். நம் மக்களில் பலர் தானா ராத்தா, பிரிஞ்சாங் முதலிய ஊர்களின் விடுதிகளையும் கடைகளையும், மலைச்சரிவுகளின் காய்கறி, பூத்தோட்டங்களையும் நாடினர். ஆயினும் தோட்ட வாழ்வின் பழைய முடிச்சு ஒன்று அவிழவில்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போயின் வீடும் போகும் என்னும் அச்சம் உடன் வருவது. கணவனை இழந்தவளும், கை கால் முடங்கியவனும், முதுமையால் தளர்ந்தவரும் வருமானத்தை மட்டும் இழப்பதில்லை. நிற்கும் நிலத்தையே இழக்கும் நிலையில் உள்ளனர். உதவிப் பணம் அவர்களுக்கு வெறும் காசன்று, ஒரு பிடிகொம்பு. அதை விடுக என்று சொல்லுமுன் அவர்கள் நிற்கும் இடத்தை நாம் நோக்க வேண்டும்.

முதற் கேள்வி, உதவி பெறுதல் இழிவா என்பது. 'இரத்தல்' என்னும் சொல்லின்மீது தமிழர்க்கு உள்ள கசப்பு நெடுங்காலத்தது. வள்ளுவர் இரவச்சம் என ஓர் அதிகாரமே வகுத்து, இரந்து வாழும் வாழ்வை வன்மையாகக் கடிந்தார். ஆனால் அதற்கு முந்திய 106-ஆம் அதிகாரம் இரவு என்பது. தக்காரிடத்துக் கேட்பது குற்றமாகாது என்பதை அவர் அங்கே உடன்பட்டார் என்பதைப் பலர் மறந்து விடுகின்றனர். அன்றியும், ஒருவன் வாயிலில் நின்று அவன் முகம் பார்த்துப் பெறுவது வேறு. நாட்டின் பொதுப் பொருளிலிருந்து விதிப்படி பெறுவது வேறு. முன்னதில் கொடுப்போன் மேல், கொள்வோன் கீழ். பின்னதில் கொள்வோனும் அப்பொருளுக்கு ஒரு பங்காளி.

நம் வரலாறும் இதனை வலியுறுத்தும். 1907-இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி நிறுவப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்த முதலாளிமார் செலுத்திய வரியே அந்நிதியின் ஊற்று. தொழிலாளியின் உழைப்பை அளவாகக் கொண்டு திரட்டிய அப்பொருள், வேறு பெயர் பூண்ட கூலியே அன்றோ? 1930-ஐ ஒட்டி ரப்பர் விலை வீழ்ந்தபோது வேலையிழந்தோர் பல்லாயிரவர் அந்நிதியின் செலவில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலை உள்ளவனுக்குக் கூலி, வேலை இல்லாதவனுக்குக் கப்பல் என்பதே அக்காலத்துப் பேருதவி. சமூக நல இலாகா தோன்றியது 1946-இல். துன்புற்றவனைக் கப்பலேற்றி விடாமல் அவன் வாழும் இடத்திலேயே தாங்குதல் நாட்டின் கடமை என்னும் கொள்கை இவ்வாறே வேரூன்றியது. ஆகவே உதவிப் பணத்தைப் பிச்சையென்று எள்ளுவோர் தம் பாட்டன் பாட்டியர் சிந்திய வியர்வையை எள்ளுவோரே ஆவர்.

உதவி இழிவன்றாயின், அதனை விட்டு வேலைக்குச் செல்லுதல் வேண்டா என்பது நம் கருத்தோ? அன்று. வேலையை நாணத்தால் ஏற்றல் கூடாது. நன்மை கண்டு ஏற்றல் வேண்டும் என்பதே நம் கருத்து. நன்மையைக் காணக் கணக்கும் வேண்டும்.

2021-ஆம் ஆண்டின் கணக்கை எடுத்துக் கொள்வோம். அவ்வாண்டு ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுள் 7 முதல் 18 வயதுவரை உள்ளார்க்குத் தலைக்கு 150 வெள்ளி உதவியாக வகுக்கப்பட்டது. மூன்று பிள்ளைகளை உடைய கைம்பெண் 450 வெள்ளி பெறுவாள். குடும்ப வருமானம் உணவு வறுமைக் கோடாகிய 1,169 வெள்ளிக்கு உட்படுதல் இதற்கு அளவுகோலாக வைக்கப்பட்டது. இவ்வரம்பை எழுத்தின்படி கொள்வோமாயின், அவள் ஓட்டலில் பாத்திரம் துலக்கி மாதம் 1,150 வெள்ளி ஈட்டும்வரை உதவியோடு கூட்டி 1,600 வெள்ளி வரும். மேலும் சில நாள் உழைத்து 1,250 ஈட்டினாளாயின், உதவி நின்று 1,250 மட்டுமே மிஞ்சும். உழைப்பில் நூறு வெள்ளி ஏறியவள் வாழ்வில் முந்நூற்றைம்பது வெள்ளி இறங்குகிறாள்! இவள் கூடுதல் வேலையை மறுத்தால் அதைச் சோம்பல் என்று கூறத் துணிவோமா? படியில்லாத மாடியிலிருந்து குதிக்க மறுப்பவனைக் கோழை என்போமா?

நிலையான முழுநேர வேலையின் கணக்கு வேறு. நகராண்மைக் கழக எல்லைகளுக்குப் புறத்தே 2021-இல் 1,100 வெள்ளியாயிருந்த குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதத்தில் 1,500 ஆகவும், 2025 பிப்ரவரியில் 1,700 ஆகவும் உயர்த்தப்பட்டது. 1,700 வெள்ளி ஊதியத்தில் ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளி பங்கு 187 வெள்ளி. முதலாளி பங்கு 221 வெள்ளி. பிடித்தம் போகக் கையில் ஏறத்தாழ 1,500 வெள்ளி நிற்கும். 450 வெள்ளி உதவி நின்றாலும் ஆதாயமே. இதனினும் பெரியது, 1951-இல் தோன்றிய அச்சேமநிதியில் மாதந்தோறும் சேரும் 408 வெள்ளி. வேலையிடத்து விபத்து நேரின் ஈடு தரும் சமூகப் பாதுகாப்பு நிறுவனக் காப்பும் அதனோடு சேரும். உதவிப் பணம் இம்மாதத்தைக் காக்கும். சேமநிதியோடு கூடிய ஊதியம் முதுமையையும் காக்கும்.

ஆதலின் எல்லா வேலையையும் ஒரே தராசில் இட்டு நிறுத்தல் தவறு. சந்தாவும் சீட்டும் இல்லாமல், மழை பெய்தால் இல்லை, விளைச்சல் குறைந்தால் இல்லை என்னும் நாட்கூலியை நம்பி, உறுதியான உதவியை விடுதல் அறிவுடைமையாகாது. வேலைக்கு அழைப்போரை, "சேமநிதி உண்டா? மழை மாதத்தில் என்ன சம்பளம்? வீடு உண்டா?" என்று முகத்துக்கு நேரே கேட்பது ஒவ்வொருவரின் உரிமை. கேட்கத் தெரியாதார்க்குக் கேட்டுத் தருதல் படித்த இளைஞரின் கடமை.

கணக்கில் எழுதப்படாத செலவும் ஒன்று உண்டு. தாய் விடியற்காலையில் வேலைக்குப் போனால் கைக்குழந்தையை யார் பார்ப்பார்? ஆயாக் கொட்டகை இல்லாத இடத்தில் மூத்த பெண்ணே பார்ப்பாள். அவள் பள்ளிக்குப் போகாள். அப்போது தாயின் சம்பளத்துக்கு மகளின் படிப்பு விலையாகிறது. இவ்விலையைக் கொடுத்துப் பெறும் மானம் மானமன்று. ஒரு தலைமுறையின் வறுமையை அடுத்த தலைமுறைக்கு உயில் எழுதி வைத்தலாகும். பிள்ளை வளர்த்தலும் உழைப்பே என்பதை நம் ஆண்மக்கள் ஒப்புக் கொள்ளும் நாளில் இவ்வழக்கில் பாதி தீரும்.

இனி, நாட்டின் கடமை யாது? இங்கிலாந்தில் 1834-இல் இயற்றிய வறியோர் சட்டம், உதவி பெறுவோனின் நிலை மிகத் தாழ்ந்த தொழிலாளியின் நிலையினும் தாழ்ந்திருத்தல் வேண்டும் என்னும் கொள்கையைக் கொண்டது. உதவியைக் கசப்பாக்கினால் ஏழை வேலைக்கு ஓடுவான் என்பது அதன் எண்ணம். வேலையை இனிதாக்குவோம் என்பது மற்றொரு வழி. 2007-இல் சிங்கப்பூர், குறைந்த ஊதியத்தார் வேலையில் இருக்கும்போதே அவர்க்கு அரசு துணைப்பணம் தரும் திட்டத்தைத் தொடங்கிற்று. நம் நாட்டிலும் 2021-இல் வேலை செய்ய இயலாத உடற்குறையுடையார்க்கு 300 வெள்ளியும், குறைந்த ஊதியத்தில் வேலை செய்யும் உடற்குறையுடையார்க்கு 450 வெள்ளியும் வகுக்கப்பட்டன. வேலைக்குப் போனால் உதவி கூடும் என்னும் இம்முறையைக் கைம்பெண்ணுக்கும் ஏன் விரிக்கலாகாது? பழைய அர்த்தசாத்திரமே, வீட்டை விட்டு வெளிவர இயலாத பெண்களுக்கு நூற்கும் வேலையை வீட்டுக்கே அனுப்புமாறு அதிகாரிக்கு விதிக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய நூலுக்குத் தோன்றியது இன்றைய நமக்குத் தோன்றாதா?

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் கதை ஒன்று உண்டு. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியை அவன் ஏந்தியிருந்த காலத்து நாட்டில் மழை பெய்து வளம் பெருகிற்று; உண்பார் எவரும் வரவில்லை. பசித்தாரைத் தேடிச் சாவகத்துக்குக் கப்பலேறியவன் மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டான். அங்கே அவன் பாத்திரத்தை உடைத்தெறியவில்லை. தக்கார் கையில் மீண்டும் சேர்க என்று கோமுகிப் பொய்கையில் விட்டான். பிற்காலத்தில் அது மணிமேகலை கையில் வந்து பசி தீர்த்தது. உண்பார் இல்லாமற் போவதே ஈகையின் வெற்றி. ஆயினும் பஞ்சம் திரும்பும் நாளுக்காகப் பாத்திரம் காக்கப்படல் வேண்டும். பகுத்தறிவுடையோர்க்கு இக்கதையில் அற்புதம் வேண்டா. இப்பொருள் ஒன்றே போதும்.

ஆகவே நம் முடிவு இது. நிலையான ஊதியமும், சேமநிதியும், பிள்ளைகளுக்குக் காவலும் அமையுமாயின் உதவியை விட்டு வேலையை ஏற்க. அது அண்டை வீட்டார் வாயை அடைக்க அன்று. தன் முதுமைக்கும் தன் சொல்லுக்கும் வலிமை சேர்க்க. தன் உழைப்பில் வந்த கஞ்சிக்குத் தனிச்சுவை உண்டென்பதை நாமும் மறுக்கவில்லை. இவை அமையாவிடின் உதவியில் நிற்க, நாணற்க. வேலைக்குச் சென்றவர் நோயாலோ, ஆட்குறைப்பாலோ மீண்டும் வந்து கதவைத் தட்டினால், "அன்றே போனாயே" என்று கேளாத அதிகாரியும், கேலி பேசாத லயமும் வேண்டும். திரும்பி வர வழியுண்டு என்று அறிந்தவரே துணிந்து புறப்படுவர். அவ்வழியைத் திறந்து வைத்தல் இலாகாவின் வேலை மட்டுமன்று, தோழர்களே. நம் நாவின் வேலையுமாகும்.