வாடகை அறையிற் பூட்டிய பொருள்

பொருளின்றி உலக வாழ்க்கை நடவாது. ஆதலாற் பொருளைத் தேடுதலும், தேடியதைப் பேணுதலும், பேணியதை உரியார்க்கு வழங்குதலும் இல்வாழ்வார்க்குக் கடமைகளாயின. இவற்றுள் நடுவணதாகிய பேணுதல் எதுவரை செல்லலாம் என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த வினா. இன்று பயன்படாத பொருளை மாதந்தோறும் பணங்கொடுத்துப் பிறன் கட்டிய அறையிலே பூட்டிவைத்தல் அறிவுடைமையா, அன்றி வெறும் பற்றா? முன்னாளிற் பண்டசாலை வணிகர்க்கே வேண்டியிருந்தது. இந்நாளில் மேனாடுகளிலே சாதாரண குடும்பத்தாரும் வீட்டிற் கொள்ளாதவற்றை வைத்தற்குத் தனியறை வாடகைக்கு எடுக்கின்றனர். நம்மவருட் பலர் அந்நாடுகளிற் குடிபுகுந்து வாழ்தலாலும், பொருளின் பயனை மாணாக்கர்க்கு உணர்த்துங் கடமை ஆசிரியர்களாகிய உங்களைச் சார்ந்தமையாலும் இவ்வினா உங்கள் சிந்தனைக்கு உரியதே.

‘செல்வ் ஸ்ரோறேஜ்’ என அங்கே வழங்கும் இம்முறையில், ஒரு கட்டடம் பல சிற்றறைகளாக வகுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றை எடுப்பவர் தாமே பொருளைக் கொணர்ந்து வைத்து, தம் பூட்டையே இட்டு, திறப்பையுந் தாமே வைத்துக்கொள்வர். பழைய பண்டசாலைக்காரன் பொருளைத் தன் பொறுப்பில் ஏற்றான். இங்கேயோ இடம் மாத்திரம் வாடகைக்கு விடப்படுகின்றது. 1964 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ரெக்ஸாஸ் மாகாணத்து எண்ணெய்த்தொழில் நகரமாகிய ஒடெஸ்ஸாவில் றஸ் வில்லியம்ஸ் என்பவர் தம் உறவினர் ஒருவரோடு நிறுவிய நிலையத்தை இத்தொழிலின் இக்கால வடிவத்துக்குத் தொடக்கமெனக் கூறுவர். 1972 ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாவிலே தொடங்கிய ‘பப்ளிக் ஸ்ரோறேஜ்’ என்னுங் கம்பனி இன்று அந்நாட்டில் ஆயிரக்கணக்கான நிலையங்களை உடையது. ஐந்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள சிற்றறை முதல், ஒரு மோட்டார் வண்டியை நிறுத்தத்தக்க பத்தடிக்கு இருபதடி அறை ஈறாகப் பல அளவுகளில் அவை கிடைக்கும்.

இவ்வழக்கத்தை முற்றாக இகழ்வது நடுவுநிலை அன்று. ஒரு வீட்டை விற்று மற்றொரு வீட்டிற் புகுமுன் சில வாரம் இடைவெளி நேரும். வெள்ளத்தாலோ தீயாலோ பழுதுற்ற வீட்டைத் திருத்தும்வரை தளபாடங்களை வேறிடத்தில் வைத்தல் வேண்டும். பெற்றார் இறந்தபின், வெவ்வேறு நகரங்களில் வாழும் மக்கள் ஒருங்குகூடி அவர் பொருளைப் பகிர்தற்குக் காலம் வேண்டும். போர்ப்பணியின் பொருட்டுத் தூரதேசஞ் செல்லும் படைவீரன் தன் உடைமையை எங்கே வைப்பான்? அவன் வாடகை தவறினும், நீதிமன்றக் கட்டளையின்றி அவன் பொருளை விற்றல் ஆகாதென 2003 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்று தடுக்கின்றது. இருக்க வீடின்றி இடர்ப்படுவோர் சிலர்க்கு, எஞ்சிய உடைமை முழுவதும் அத்தகைய அறையொன்றிலேயே இருத்தலுங் கூடும். இவர்களுக்கெல்லாம் அவ்வறை ஆற்றைக் கடத்தற்கு அமைந்த ஓடம்போல்வது.

ஆயின் அக்கரை சேர்ந்த பின்னும் ஓடத்தைவிட்டு இறங்காதவனை யாம் என்னென்போம்? குற்றம் பிறக்குமிடம் இதுவே. மாதத்துக்கு மாதம் தொடரும் உடன்படிக்கைக்கு முடிவுநாள் இல்லை. வாடகை வங்கிக் கணக்கிலிருந்து தானே கழிந்துவிடுகின்றது. கை எண்ணிக் கொடுத்தால் மனம் ஒருகால் வினவும், தானே கழிவதை வினவுவார் அரியர். தொடக்கத்திற் குறைந்த வாடகையைக் காட்டிப் பின்னர் உயர்த்துதலும் இத்தொழிலில் வழக்கமாம். விற்றால் 800 டொலர் பெறத்தக்க தளபாடங்களை மாதம் 100 டொலர் வாடகைக்கு ஒருவர் வைத்தாரெனக் கொள்க. எட்டு மாதத்தில் வாடகை பொருளின் விலைக்குச் சமனாகும். இரண்டாண்டில் 2,400 டொலர், அஃதாவது பொருளின் விலையைப்போல் மும்மடங்கு, செலவாகிவிடும். அதற்குள் அத்தளபாடங்களோ முன்னிலும் பழையனவாகும். இக்கணக்கைச் செய்ய அறியாதார் இல்லை. செய்தால் ஒரு முடிவுக்கு வரவேண்டுமே என்னும் அச்சத்தாற் செய்யாதொழிகின்றனர். ஆகவே அவர் கொடுக்கும் வாடகையிற் பெரும்பகுதி இடத்துக்கு உரியதன்று; முடிவைத் தள்ளிப்போடுதற்குத் தரும் விலையே என்க.

‘எல்லாவற்றையும் விலையால் அளத்தல் தகுமா? தாயின் சேலைக்கும் தந்தையின் புத்தகத்துக்கும் விலை ஏது?’ எனின், வினா நன்றே. நினைவுப் பொருளுக்கு விலை இல்லை. ஆனால் அதன் பெருமை, அதனைக் கண்டு கதை சொல்வாரும் கேட்பாரும் உள்ளவிடத்தே வாழ்வது. ஒருவருங் காணாத இருட்டறையில் அது துணியாயுந் தாளாயுமே கிடக்கின்றது. உயிரனைய நினைவுகளுக்கு ஒரு பெட்டி போதும்; அதனை வீட்டிலே வைக்கலாம். எஞ்சியவற்றைத் தேவையுடையார்க்கு அளித்தால், அவை மீண்டும் ஒருவர்க்குப் பயன்படும்.

பூட்டிய பொருள் என்றும் நம்முடையதாகவே இருக்கும் என எண்ணுதலும் தவறு. அமெரிக்க மாகாணச் சட்டங்களின்படி, வாடகை நிலுவையானால் நிலையத்தார் அறிவித்தல் அனுப்பிக் குறித்த தவணை கழிந்தபின் உள்ளிருப்பவற்றை ஏலத்தில் விற்கலாம். இதற்கு விவியன் மையர் என்னும் மாதின் வரலாறு சான்றாகும். 1926 ஆம் ஆண்டில் நியூயோர்க்கிற் பிறந்த இவர், சிக்காகோ நகரிற் பிறர் பிள்ளைகளை வளர்க்கும் வேலையிற் பல்லாண்டு இருந்தவர். ஓய்ந்த வேளைகளிலெல்லாம் வீதிதோறுஞ் சென்று நிழற்படம் எடுத்தவர். ஒரு நூறாயிரத்துக்கு மேற்பட்ட படங்களை எடுத்தும் அவற்றைப் பிறர்க்குப் பெரும்பாலுங் காட்டிலர். கழுவப்படாத சுருள்களும் பல. அவர் வளர்த்த பிள்ளைகளுட் சிலர் முதுமையில் அவர்க்கு வீடு அமர்த்தி உதவினர். ஆயினும் அவர் வாடகைக்கு எடுத்திருந்த அறையின் நிலுவையை அவர்கள் அறிந்திலர். 2007 ஆம் ஆண்டில் அப்பொருள்கள் ஏலத்திற் போயின. 2009 ஆம் ஆண்டில் அவர் இறந்தபின்னரே அப்படங்கள் உலகெங்கும் புகழ்பெற்றன. அவற்றின் உரிமை யாருக்கு என்னும் வழக்கு 2014 ஆம் ஆண்டில் நீதிமன்றம் வரை சென்றது.

‘அவ்வறை இல்லையாயின் அப்படங்கள் குப்பையிற் போயிருக்குமே, அறை நன்மையன்றோ செய்தது?’ என ஒருவர் வினவலாம். உண்மை, அறை படச்சுருளைக் காத்தது. ஆயின் உடையவரின் கருத்தை அதனாற் காக்க முடிந்திலது. உலகுக்குக் காட்ட விரும்பினாரோ, மறைக்க விரும்பினாரோ, யாருக்குக் கொடுக்க எண்ணினாரோ என்பதை இன்று சொல்வார் இல்லை. அன்புடையார் அருகிருந்தும், ‘இன்ன இடத்தில் இன்னது இருக்கின்றது’ என்னும் ஒரு சொல் இல்லாமையால் எல்லாம் அயலார் கைப்பட்டன. பொருளைப் பேணுதலுக்குப் பூட்டு மாத்திரம் போதாது. அறிந்தார் ஒருவரும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

ஆகவே அறை எடுக்க நேர்ந்தவர் கைக்கொள்ளத்தக்க முறைகள் சிலவற்றைக் கூறுதும். முதலாவது, அறையை எடுக்குமுன் பொருளைக் குறைத்தல் வேண்டும். பெரிய அறையை எடுத்தால் அதனை நிரப்பவே மனம் விழையும். இரண்டாவது, எடுக்கும் நாளிலேயே விடும் நாளையும் குறித்தல் வேண்டும். அந்நாள் வந்தால் நேரிற் சென்று பார்த்தே மேலும் நீட்டுதல் தகும். மூன்றாவது, உடன்படிக்கையை முழுதும் வாசித்து, வாடகை உயரும் முறை, விலகுதற்குக் கொடுக்கவேண்டிய அறிவித்தல், காப்புறுதி என்பவற்றை அறிதல் வேண்டும். நேருஞ் சேதத்துக்கு நிலையத்தார் பெரும்பாலும் பொறுப்பேலார். நான்காவது, ஒவ்வொரு பெட்டிக்கும் இலக்கமிட்டு உள்ளிருப்பதை எழுதி, அப்பட்டியலின் படியொன்றையும் நிலையத்தின் விலாசத்தையும் நம்பிக்கைக்குரிய ஒருவரிடங் கொடுத்தல் வேண்டும். தம் விலாசம் மாறினால் உடனே நிலையத்தார்க்கு அறிவித்தலும் வேண்டும். அறிவித்தல் பழைய வீட்டுக்குச் சென்றமையாற் பொருளை இழக்க நேரலாம். ஐந்தாவது, உணவுப்பண்டமும் எரியும் எண்ணெயும் அங்கே வைத்தலாகாது. ஈரம் நீங்காத பொருளை வையாது, பெட்டிகளை நிலத்தினின்று சிறிது உயர்த்தி, நடக்க வழிவிட்டு அடுக்குதல் நன்று. நூலும் படமும் போல்வன வெப்பமும் ஈரமும் அளவுபடுத்தப்பட்ட அறையிலேயே இருத்தற்பாலன.

இவை அவ்வறைக்கே கூறப்பட்டனவாயினும், இவற்றின் உட்கிடை எவ்விடத்துக்கும் பொருந்தும். மேலே காட்டிய கணக்கை ஆசிரியர்கள் வகுப்பிற் கொடுத்து, ‘எத்தனையாம் மாதத்தில் விட்டுவிடுதல் நன்று? ஏன்?’ என மாணாக்கரை வினவலாம். எண்கணிதமும் ஒழுக்கமும் ஒருங்கே பயிலப்படும். அதன்பின் தம் பாடசாலையையும் ஒருமுறை நோக்குவாராக. கிழிந்துவிடும் என அஞ்சிப் பூட்டிய நூல்களும், உடைந்துவிடும் என அஞ்சிப் பொதிந்த விஞ்ஞானக் கருவிகளும் அலுமாரியில் உளவாயின், அவற்றுக்கு மாத வாடகை இல்லையெனினும் செலவு இல்லாமற் போகவில்லை. அந்நூலை வாசியாமலும் அக்கருவியைத் தொடாமலும் பாடசாலையை விட்டுச்சென்ற பிள்ளைகளே அச்செலவைக் கொடுத்தவர்கள். பிள்ளைகளின் கையிற் பழகிக் கிழிந்த நூல் தன் கடமையைச் செய்து முடித்த நூலாகும். ஆதலின் அவ்வலுமாரியின் திறப்பை மாணாக்கர் கேட்டுப் பெறத்தக்க இடத்தில் வைப்பாராக.