விதைக்கு விட்ட காயை விருந்துக்கு அறுக்கலாமா?

பேராவூரணி நீலகண்டப் பிள்ளையாருக்குச் சித்திரைத் திருவிழா முடிந்து, கத்திரி வெயிலும் கழிந்துவிட்டால், வீட்டுக் கொல்லைகள் களைத்துப் போய் நிற்கும். வெண்டை முற்றிவிடும். கொத்தவரை நாராகிவிடும். மேட்டூர் அணையை ஜூன் 12-ம் தேதி திறந்தாலும், கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதியான இங்கே தண்ணீர் வந்து சேரச் சில நாட்கள் ஆகும். அதுவரை கிணற்று நீர்தான் கதி!

அந்த வறண்ட கொல்லையிலும் ஒரு காயை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். பந்தலில் தனியே தொங்கும் சுரைக்காய் அது. காம்பில் துணிக்கிழிசல் கட்டியிருந்தால், 'இது விதைக்கு' என்று அர்த்தம். சொத்தைக் காயை விதைக்கு விடுவதில்லை. இருப்பதிலேயே திரட்சியான காயைத்தான் விடுவார்கள். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது சும்மாவா?

இப்போது ஒரு கேள்வி. பசியோடு ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். வீட்டில் வேறு காய் இல்லை. பந்தலில் இருப்பதோ இன்னும் முற்றவில்லை. அறுத்தால் கூட்டுக்கு ஆகும். அறுக்கலாமா? விதையைக் காப்பது தர்மமா, விருந்தைக் காப்பது தர்மமா?

இளையான்குடி மாறநாயனாரை நினைத்துப் பாருங்கள். வறுமையில் வாடிய வீடு. மழை கொட்டும் இரவில் அடியார் கோலத்தில் வருகிறார் சிவபெருமான். அன்று பகலில் விதைத்த நெல்லை வாரி வந்தால் சமைக்கலாம் என்று வழி சொன்னது யார் தெரியுமா? அவருடைய மனைவி! நாயனார் இருளில் போய் நெல்லை வாரி வந்தார். வீட்டுக் கூரையின் வரிச்சுக்கழிகளே விறகாயின. குழியில் இருந்த இளங்கீரையே கறியாயிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தம்பதியும் பசியோடுதான் இருந்தார்கள். ஆனால், தங்கள் பசிக்கு அந்த விதையைத் தொடவில்லை. பிறர் பசி என்றதும் தயங்கவில்லை. விதை என்பது நம் நாக்குக்கு உரியதல்ல. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். ஆகவே, நம் ருசிக்கு அறுப்பது தவறு. இல்லாதவர் பசிக்கு அறுப்பது தர்மம்.

'சரி, அறுத்துவிட்டால் ஆடிக்கு எதை விதைப்பது?' என்கிறீர்களா? நியாயமான கவலைதான். அதற்கும் வழி இருக்கிறது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் 2006-ம் ஆண்டு முதல் நெல் திருவிழா நடத்தினார். விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதை கொடுப்பார். மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். கொடுத்த விதை பெருகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நீங்களும் செய்யலாம். மாடித் தொட்டியாக இருந்தாலும் நாட்டு ரகமாகப் பார்த்து வையுங்கள். வீரிய ரகத்தில் எடுக்கும் விதை தாயைப் போல வராது. நல்ல காய் ஒன்றை விதைக்கு விடுங்கள். விதையைக் காயவைத்து, சாம்பலில் புரட்டி, பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். பிறகு உங்கள் வாசலில் பசி வந்து நின்றால், கை நடுங்காமல் அறுக்கலாம். உங்கள் விதை அடுத்த வீட்டில் பத்திரமாக இருக்கிறதே!

மாறநாயனார் குருபூஜை ஆவணி மகத்தில் வருகிறது. ஆடியில் போட்ட கீரை அதற்குள் பறிக்கும் பருவத்துக்கு வந்திருக்கும். அன்று அதைச் சமைத்து, ஒருவருக்காவது இலை போட்டுப் பரிமாறுங்கள். அதுவே அந்த அடியாருக்குச் செய்யும் ஆராதனை.